தந்தியில் ஒரு ரயில்பாதைச் சண்டை: 1929 மஞ்சூரியாவை உயர்தரப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

வாவிக்கரை (மட்டக்களப்பு):

உயர்தர வரலாறு, அரசறிவியல் பிள்ளைகளுக்கு இரட்டைப் பாடவேளைப் பயிற்சி ஒன்று தயாரிக்கிறேன். மொத்தம் எண்பது நிமிடம். விடயம், 1929இல், சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவுக்குள்ளால் ஓடிய சீனக் கிழக்கு ரயில்பாதைக்காகச் சீனாவும் சோவியத் ஒன்றியமும் மோதிக்கொண்டது. அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் தன் பழைய தந்திகளை ஆண்டுவாரியாகத் தொகுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. அதில் பன்னிரண்டு தந்தியைத் தமிழாக்கி, நாலு குழுவுக்குப் பிரித்துக் கொடுத்து, எந்த நாளில் என்ன நடந்தது, யார் முதலில் கை வைத்தது என்று காலவரிசை எழுதச் சொல்வது திட்டம்.

ஒத்திகையிலேயே மூன்று இடத்தில் தடக்கிவிட்டது. ஒரே சண்டையை இரண்டு சண்டை என்று எண்ணிவிட்டார்கள். பின்னேரம் நாலு மணிக்கு அனுப்பின தந்தி அதே நாள் காலையில் கிடைத்ததாகப் போட்டிருப்பதைப் பார்த்து, அச்சுப்பிழை என்று வெட்டிவிட்டார்கள். மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: தந்தியில் இருக்கிறதெல்லாம் நடந்தது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எழுதினவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

எந்தத் தந்திகளை வைப்பது, எதை முதலில் சொல்லிக்கொடுப்பது? இந்தக் காலப்பகுதியைப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

படுவான்கரை:

சேர், பன்னிரண்டு மிச்சம் கூட. எண்பது நிமிடத்துக்கு ஏழு போதும். அதிலும் முதல் இருபது நிமிடம் தந்தியின் தலைப்பகுதியை மட்டும் கொடுங்கள், உடம்பை மடித்து மறைத்துவிடுங்கள். தலையை வாசிக்கப் பழகினால் உங்கள் மூன்று சிக்கலில் இரண்டு தானாகப் போய்விடும்.

மொழிபெயர்ப்பில் இருக்கிற பொறியை முதலில் சொல்லுகிறேன். 1929இல் சீனாவில் அமெரிக்காவுக்கு முழுத் தூதரகம் கிடையாது, ஒரு படி குறைந்த அலுவலகம்தான். அதன் தலைவர் மக்மரேயின் பதவிப்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "அமைச்சர்" என்று வரும். பிள்ளை அவரை மந்திரிசபைக்குள் கொண்டுபோய் இருத்திவிடும். "தூதர்" என்றே போடுங்கள். அதேபோல வாஷிங்டனில் தந்தியைப் பெறுகிற ஸ்டிம்சனை "செயலாளர்" என்றால், நம் நாட்டு அமைச்சின் செயலாளர் மாதிரி ஒரு அரச உத்தியோகத்தர் என்று நினைப்பார்கள். அவர்தான் வெளியுறவு அமைச்சர். பாதையின் நடுவில் உள்ள நகரம் ஹார்பின், அங்கே இருந்த ஹான்சன் அமெரிக்கக் கொன்சல். மக்மரே, ஸ்டிம்சன், ஹான்சன் என்ற மூவரும் யார், எங்கே இருந்தார்கள் என்பதைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது இடமும் நேரமும். தந்தித் தலையில் "பெய்ப்பிங்" என்று வரும். அது பீக்கிங்தான். 1928இல் தலைநகரம் நான்கிங்குக்குப் போனதும் பெயரை மாற்றினார்கள். வெளிநாட்டுத் தூதர்கள் பழைய இடத்தை விட்டு நகரவில்லை. ஆகவே சீன வெளியுறவு அமைச்சு ஒரு நகரத்தில், அமெரிக்கத் தூதர் ஏறத்தாழத் தொள்ளாயிரம் கிலோமீற்றர் வடக்கே. சண்டை நடக்கும் இடமோ இரண்டுக்கும் எட்டாத தூரத்தில். "சீன அரசாங்கம் கருதுகிறது" என்று மக்மரே எழுதினால், அவர் யாரிடம் கேட்டார் என்பதை நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நேரக் கணக்கு சுலபம். வாஷிங்டனை விடப் பீக்கிங் 13 மணித்தியாலம் முந்தி. பீக்கிங்கில் பி.ப. 4 என்றால் வாஷிங்டனில் அதே திகதி மு.ப. 3. அங்கே மு.ப. 9.30க்குக் கிடைத்தது என்று போட்டிருந்தால் வழியில் ஆறரை மணித்தியாலம் போயிருக்கிறது. ஏழு தந்திக்கும் இந்த வழிநேரத்தைப் பிள்ளைகளையே கணக்கிட்டு ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அச்சுப்பிழை என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். சில தந்தி ஒரு நாளுக்கு மேல் எடுத்திருப்பதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்போதுதான் "ஸ்டிம்சன் இந்த முடிவை எடுத்தபோது அவர் மேசையில் என்ன இருந்தது" என்ற கேள்விக்கு வழி திறக்கும்.

தலையில் இன்னொரு சின்னச் சொல், "பொழிப்பு" என்று கொடுக்கலாம். இரகசியக் குறியீட்டில் அனுப்பின தந்தியை அச்சிடும்போது சொல்லையும் வசன ஒழுங்கையும் மாற்றித்தான் போட்டார்கள். குறியீட்டு வடிவத்தை வழியில் பிடித்து வைத்திருப்பவன் கையில் மூலச் சொற்களும் கிடைத்தால், ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக் குறியீட்டையே உடைத்துவிடலாம் என்ற பயம். ஆகவே பொழிப்பு என்று அடையாளமிட்ட தந்தியை வைத்து, "தூதர் ஏன் 'படையெடுப்பு' என்ற சொல்லைப் போட்டார்?" என்று வினா எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல் அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம். சொல்லாராய்ச்சிக்குப் பொழிப்பு அடையாளம் இல்லாததை எடுங்கள், பொழிப்பைப் பொருளுக்கு மட்டும் வையுங்கள்.

தலைக்கு மேலே கோப்பு எண் இருக்கும்: 861.77, பிறகு ரயில்பாதையின் பெயர். எட்டு என்றால் ஒரு நாட்டின் உள்விவகாரம், 61 ரஷ்யா, 77 ரயில்பாதை. சீனாவின் எண் 93. பாதை முழுதும் ஓடுவது சீன மண்ணில், கோப்போ ரஷ்யாவின் உள்விவகார அலுமாரியில்! இதை வைத்து அமெரிக்கா ரஷ்யாவின் பக்கம் என்று எழுதினால் பிழை. பாதை கட்டின காலத்துப் பழக்கத்தில் கோப்பறைக்காரர் தொடர்ந்து போட்டுக்கொண்டு வந்த எண் அது. ஆனாலும் வகுப்பில் காட்டப் பொருத்தமான சாமான்.

படுவான்கரை:

இரட்டை எண்ணிக்கைச் சிக்கலை விட்டுவிட்டேன். அது ஊர்ப்பெயர்க் குழப்பம். புளியந்தீவில் ஒரு சண்டை, மட்டக்களப்பில் ஒரு சண்டை என்று இரண்டு பேர் எழுதினால் நாம் ஒன்றென்று கண்டுகொள்வோம், வெளியூரான் இரண்டென்று எண்ணுவான். இங்கேயும் அதுதான். மேற்குக் கோடி நிலையம் மஞ்சூலி, ரஷ்யர் வாயில் அது "மஞ்சூரியா நிலையம்". அதற்கு அடுத்த நிலக்கரி ஊர் ஜலைநோர், தலைநோர், சலைநோர் என்று மூன்று விதமாக வரும். கிழக்குக் கோடி சீனருக்கு சுய்ஃபென்ஹே, ரஷ்யருக்குப் பொக்ரனிச்னயா. சுங்காரி ஆறு அமூரில் விழும் இடத்து ஊர் தொங்ஜியாங், தந்திகளில் லஹாசுசு. ஒக்டோபர் 12 ஆற்றுச் சண்டையை உங்கள் பிள்ளைகள் இரண்டாக எண்ணியிருந்தால் காரணம் இந்தக் கடைசிப் பெயர்தான்.

ஆட்பெயரும் அப்படித்தான். மஞ்சூரியாவை ஆண்ட ஜாங் சூலியாங், பழைய எழுத்துக்கூட்டலில் சாங் சுவே லியாங், பத்திரிகையில் "இளைய மார்ஷல்". பெயர்ப்பட்டியல் ஒன்றைத் தனித் தாளில் கொடுங்கள், நாலு குழுவுக்கும் ஒன்றே. தமிழாக்கும்போது ஊருக்கு ஒரு பெயராக நீங்களே ஒழுங்குபடுத்திவிடாதீர்கள். குழப்பம் தாளில் இருக்கவேண்டும், திறப்பும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

மருதமுனைக் காக்கா:

ரயில் பக்கத்தை இன்னும் ஒருவரும் தொடவில்லை. பாதை எப்படி ஓடியது, யார் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்று தெரியாமல் இந்தத் தந்திகளை வாசித்தால் ஒன்றும் பிடிபடாது.

படத்தைப் பிள்ளைகளே கீறட்டும். ஒரு சென்ரிமீற்றர் நூறு கிலோமீற்றர். தாளின் நடுவில் ஹார்பினைக் குறித்து, இடப்பக்கம் மேல்நோக்கிச் சரிவாக 9.35 சென்ரிமீற்றர்: மஞ்சூலி. வலப்பக்கம் 5.46: சுய்ஃபென்ஹே. கீழே தெற்காக ஏறத்தாழ 2.4: சாங்சுன். முதன்மைப் பாதை மட்டும் 1,481 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 350, அதுபோல நாலு மடங்குக்கும் மேல் என்றால் பிள்ளைக்குத் தூரம் உறைக்கும். வடக்கே அமூர் ஆற்றை ஒரு வளைவாகப் போடுங்கள். எல்லை அந்த ஆறுதான். பாதை எல்லையில் ஓடவில்லை, சீனாவின் வயிற்றுக்குள்ளால் குறுக்கே போகிறது. இரண்டு நுனி மட்டும்தான் எல்லையைத் தொடுகிறது. சண்டைகள் அந்த நுனிகளிலும் ஆற்றிலும் நடந்தது ஏன் என்று படத்தைப் பார்த்தாலே தெரியும்.

பிரச்சினையின் வேர் 1896. சைபீரியப் பாதையை விளாடிவொஸ்டொக்குக்குக் குறுக்கு வழியில் கொண்டுபோகச் சீனாவிடம் ரஷ்யா உரிமை வாங்கியது. ஒப்பந்தத்தில் ஓகஸ்ட் 27 என்றும் செப்டெம்பர் 8 என்றும் இரண்டு திகதி இருக்கும். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 12 நாள் பிந்தி, அவ்வளவுதான். 1918க்குப் பிறகு அந்தத் தொல்லை இல்லை. 1905இல் ஜப்பானிடம் தோற்றதும் சாங்சுனுக்குத் தெற்கே உள்ள கிளை ஜப்பான் கைக்குப் போய்த் தென் மஞ்சூரியா ரயில்பாதை ஆனது. ரஷ்யப் பாதையின் அகலம் 1,524 மில்லிமீற்றர், ஜப்பான்காரன் தன் பகுதியை 1,435 ஆக மாற்றினான். எங்களுடையது 1,676, அதை விடுங்கள். ஆகச் சாங்சுனில் சரக்கை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றவேண்டும்.

மஞ்சூரியாவின் பெரிய ஏற்றுமதி சோயா அவரை. அது கிழக்கே விளாடிவொஸ்டொக்குக்குப் போகலாம், தெற்கே தைரென் துறைமுகத்துக்கும் போகலாம். கிழக்கு வாசல் மூடினால் அவரை முழுதும் ஜப்பான் பாதையில் இறங்கும். "ஜப்பான் நடுநிலை வகிக்கிறது" என்று ஒரு தந்தி சொன்னால், ஓரத்தில் இந்த அவரைக் கணக்கை எழுதி வையுங்கள்.

இப்போது உயிர்நாடி, 1924 ஒப்பந்தம். மே 31இல் பீக்கிங்கோடு, செப்டெம்பர் 20இல் மஞ்சூரியாவின் ஆட்சி நகரமான முக்டெனில் ஜாங் சூலியாங்கின் தகப்பனோடு. இயக்குநர் சபையில் பத்துப் பேர், பக்கத்துக்கு ஐந்து. தலைவர் சீனர். கூட்டம் நடக்க ஏழு பேர் வேண்டும், எந்தத் தீர்மானமும் நிறைவேற ஆறு வாக்கு வேண்டும். முகாமையாளர் சோவியத் ஆள், அவருக்கு இரண்டு உதவியாளர், ஒருவர் சோவியத், ஒருவர் சீனர்.

ஐந்தும் ஐந்தும் பத்து, தேவை ஆறு. ஒரு பக்கம் கை தூக்காவிட்டால் சபை முடங்கும். சபை முடங்கினால் அன்றாட வேலையை யார் பார்ப்பது? முகாமையாளர். அவர் மாஸ்கோவின் ஆள். சமபங்கு என்று எழுதியும் சீனருக்கு ஏன் கோபம் வந்தது என்பது இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும். உத்தியோகங்களையும் சரிபாதியாகப் பிரிக்கவேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது, அது நடக்கவில்லை என்பதும் அவர்களின் முறைப்பாடு. மற்றப் பக்கம், ஒருவருக்கெதிராக மற்றவர் பிரசாரம் செய்யக்கூடாது என்ற வாசகமும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1929இல் சீனா அதைத்தான் தூக்கிப் பிடித்தது.

பிள்ளைகள் பத்துப் பேரை மேசையில் இருத்தி வாக்கெடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

வாவிக்கரை:

காக்கா, வாக்கெடுப்பு அருமை, அதைக் கட்டாயம் வைக்கிறேன். ஒரு சந்தேகம்: ஜூலை 10 தந்திகளில் ரயிலை விடத் தந்திக் கம்பியைப் பிடித்ததைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். ஏன்?

மருதமுனைக் காக்கா:

ஒற்றைப் பாதை, அதனால்தான். மட்டக்களப்பு வண்டியில் போகிறவர்களுக்குத் தெரியும், எதிர்வண்டி வரும்வரை ஒரு நிலையத்தில் காத்து நிற்கவேண்டும். அடுத்த நிலையம் "பாதை காலி" என்று சொன்னால்தான் இந்த நிலையம் வண்டியை விடும். அந்தக் காலத்தில் அந்தச் சொல் போனது தந்திக் கம்பியில். கம்பி யார் கையிலோ வண்டியும் அவர் கையில். இயந்திரக் கொட்டகையை முதலில் பிடித்திருந்தால் பத்து இயந்திரம் கிடைத்திருக்கும். கம்பியைப் பிடித்ததால் 1,481 கிலோமீற்றரும் கைக்கு வந்தது.

முன்னோட்டமும் உண்டு. 1928 டிசெம்பர் கடைசியில் ஹார்பினில் ரயில்பாதையின் தொலைபேசிப் பரிவர்த்தனையைச் சீனர் எடுத்துக்கொண்டார்கள். 1929 மே 27இல் ஹார்பின் சோவியத் கொன்சல் அலுவலகத்துக்குள் பொலிஸ் புகுந்து 39 பேரைப் பிடித்தது. ஜூலை 10இல் தந்தியும் பாதையும். முகாமையாளர் யெம்ஷானோவையும் உதவியாளர் ஐஸ்மொண்டையும் நீக்கி நாட்டை விட்டே அனுப்பினார்கள். தொலைபேசி, கொன்சல் அலுவலகம், தந்தி: படி ஏறுகிற மாதிரி.

தந்தியைப் பிடித்ததில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதற்குப் பிறகு பாதையோரச் செய்தி சீன அதிகாரிகளின் கம்பி வழியாகத்தான் ஹார்பினுக்கு வரும். ஹான்சன் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அது பொருந்தும்.

ஒலுவில் ராத்தா:

காக்காவின் கடைசி வசனத்திலிருந்து தொடர்கிறேன். சேர் கேட்ட மூன்றாவது சிக்கல் அங்கேதான் தீரும்.

ஒவ்வொரு வசனத்துக்கும் பிள்ளை மூன்றில் ஒரு குறி போடட்டும்: கண்டது, கேட்டது, கையில் தந்தது. கண்டது, எழுதினவரே பார்த்தது. கேட்டது, யாரோ சொன்னது அல்லது பத்திரிகையில் வந்தது. கையில் தந்தது, ஒரு அரசாங்கம் வெளியிடுவதற்கென்றே கொடுத்த அறிக்கை. பழக்குவதற்கு நானே கட்டின ஒரு மாதிரி, உண்மைத் தந்தி இல்லை:

"மேற்குக் கோடியில் எல்லைக்கு அப்பால் துருப்புகள் குவிவதாக ரயில்வே அதிகாரி ஒருவர் தெரிவிக்கிறார். நேற்றிரவு வந்த வண்டியில் காயப்பட்ட சீனச் சிப்பாய்கள் இறங்கியதைப் பார்த்தேன். சோவியத் விமானங்கள் எல்லை தாண்டியதாக இங்குள்ள ரஷ்ய நாளேடுகள் எழுதுகின்றன."

முதலாவது கேட்டது, அதிலும் ஜூலை 10க்குப் பிறகு "ரயில்வே அதிகாரி" என்றால் எந்தப் பக்கத்து அதிகாரி என்று கேட்கவேண்டும். இரண்டாவது கண்டது. ஆனால் கண்டது காயத்தை மட்டும்தான், யார் சுட்டது என்பதை அல்ல. மூன்றாவதும் கேட்டது, அதிலும் ஆகப் பலவீனமானது. ஹார்பினில் புரட்சிக்குப் பிறகு ஓடிவந்த வெள்ளை ரஷ்யர் ஏராளம். அவர்கள் பத்திரிகைகளுக்கு மாஸ்கோ எப்போதும் எதிரி. எல்லையில் வெள்ளை ரஷ்யக் குழுக்கள் தாக்குவதாக மாஸ்கோ முறையிட்டதும் இதே ஆட்களைப் பற்றித்தான். மூன்று வசனம், மூன்று பெறுமதி. இதை ஒருமுறை செய்தால் பிள்ளைக்கு மூக்கு வேலை செய்யத் தொடங்கிவிடும்.

சோவியத் பக்கத்துக் குரல் வாஷிங்டனுக்கு எப்படிப் போனது என்பதைத் தனியாகக் காட்டுங்கள். அமெரிக்கா சோவியத் ஒன்றியத்தை அங்கீகரித்தது 1933 நவம்பரில். 1929இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகமே இல்லை. லத்வியாவின் ரீகாவில் இருந்துகொண்டு சோவியத் பத்திரிகைகளை மொழிபெயர்த்து அனுப்பினார்கள். ஆக "சோவியத் நிலைப்பாடு" என்று ரீகாவிலிருந்து வருவது பெரும்பாலும் பத்திரிகையில் அச்சானது. அது கையில் தந்தது, உள்வீட்டுச் செய்தி அல்ல. ஸ்டிம்சன் மாஸ்கோவுக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால் பிரான்ஸ் வழியாகத்தான். வாஷிங்டனிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து மாஸ்கோவில் உள்ள பிரெஞ்சுத் தூதர், அவர் கையால் சோவியத் வெளியுறவுப் பொறுப்பில் இருந்த லித்வினோவிடம். கல்லடிக்கு ஒரு செய்தி சொல்ல அதைக் கொழும்புக்கு அனுப்பித் திருப்பி எடுக்கிற மாதிரி. உறவு முறிந்த பிறகு இரண்டு பக்கத்தின் நலனையும் பார்த்தது ஜெர்மனி. கைதிகளைப் பற்றிய தந்திகளில் ஜெர்மன் கொன்சல் அடிக்கடி வருவது அதனால்.

சீனப் பக்கத்திலும் ஒரே வாய் இல்லை. நான்கிங்கில் சியாங் கை ஷேக்கின் அரசாங்கம், முக்டெனில் ஜாங் சூலியாங். முக்டென் நான்கிங்கின் கொடியை ஏற்றியதே 1928 டிசெம்பர் 29இல்தான், ஏழு மாதம்கூட ஆகவில்லை. "சீனா ஒப்பியது", "சீனா மறுத்தது" என்று தமிழாக்காதீர்கள், எந்த நகரம் என்று போடுங்கள்.

தேர்வைப் பற்றிப் படுவான்கரை அண்ணனோடு ஒரு சின்ன மாறுபாடு. ஏழையும் சமமாகப் பரப்பவேண்டாம். மூன்றை ஜூலை 10 முதல் 25 வரைக்குள் வையுங்கள், மூன்றை நவம்பர் 17 முதல் டிசெம்பர் 3 வரைக்குள். நடுவில் ஒக்டோபருக்கு ஒன்று. ஓகஸ்ட், செப்டெம்பரில் எல்லைச் சில்லறை மோதல்களும் வதந்தியும் நிறைய, வகுப்பு அதில் மூழ்கிவிடும்.

முதல் தொகுதியின் முள்ளந்தண்டு: ஜூலை 13இல் சோவியத் வெளியுறவுத் துணைப் பொறுப்பாளர் கரகான் சீனாவுக்கு வைத்த மூன்று நாள் கெடு. 17இல் உறவு முறிவு. 24இல் வாஷிங்டனில் போர் தவிர்ப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வருகிறது. முந்தின ஆண்டு பாரிஸில் ஒப்பமிட்டார்களே, கெலொக் உடன்படிக்கை, அதுதான். விழா வைக்கிற வாரத்திலேயே அதில் சேர்ந்த இரண்டு நாடு துருப்பை நகர்த்துகின்றன. ஸ்டிம்சனின் அவசரத்துக்குக் காரணம், காக்கா சொன்ன சோயா அவரைக் கணக்கை விட இதுதான் என்பது என் கணிப்பு. 25இல் மற்ற வல்லரசுகளுக்கு ஒரு யோசனை வைத்தார்: விசாரணைக்கு ஒரு சமரசக் குழு, அதுவரைக்கும் இரு பக்கமும் ஏற்கிற ஒரு நடுநிலை நாட்டு ஆள் பாதையை நடத்துவது. ஜப்பானின் வெளியுறவு அமைச்சர் ஷிதெஹாரா இதில் ஆர்வம் காட்டவில்லை, இருவரும் நேரே பேசட்டும் என்றார். யோசனை படுத்துவிட்டது.

இரண்டாவது தொகுதிதான் தங்கம். சோவியத் தளபதி புளூஹரின் தூரகிழக்குப் படை நவம்பர் 17இல் மேற்குக் கோடியைத் தாக்கியது. ஜலைநோர் விழுந்தது, 20இல் மஞ்சூலி சரணடைந்து தளபதி லியாங் ஜொங்ஜியாவும் ஆயிரக்கணக்கான படையினரும் பிடிபட்டார்கள். மாதக் கடைசிக்குள் முக்டென் சோவியத் நிபந்தனைகளை ஏற்றுவிட்டது. டிசெம்பர் 2இல்தான் ஸ்டிம்சனின் குறிப்பு வெளிவருகிறது: உடன்படிக்கையை மதியுங்கள், சண்டையை நிறுத்துங்கள் என்று. அடுத்த நாளே நிக்கொல்ஸ்க் உசுரிஸ்கில் முக்டெனின் ஆள் சாய் யுன்ஷெங் முதல் உடன்பாட்டில் ஒப்பமிட்டார். அதே நாள் லித்வினோவ் பதில் கொடுத்தார்: எங்களோடு உறவே வைத்திருக்காத அரசாங்கம் எங்களுக்குப் புத்தி சொல்ல வருவது வியப்பாக இருக்கிறது என்ற பொருளில். ஜப்பானும் ஜெர்மனியும் அந்தக் குறிப்பில் சேரவேயில்லை.

பிள்ளைகள் வழிநேரத்தைக் கணக்கிட்டிருந்தால், இந்தக் குறிப்பு ஏன் சந்தை கலைந்த பிறகு வந்தது என்று அவர்களே சொல்வார்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

படுவான்கரை:

ராத்தா சொன்ன தேர்வை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. ஜூலை 10இல் தொடங்கினால் "முதலில் கை வைத்தது சீனா" என்று பிள்ளை ஒரு வரியில் முடித்துவிடும். மே 27இல் தொடங்கினாலும் அதேதான். 1924இன் ஆறு வாக்கில் தொடங்கினால் முதல் தவறு யாருடையது என்று சண்டை பிடிப்பார்கள். நமக்கு அந்தச் சண்டைதானே தேவை. ஒப்பந்தத்தின் மூன்று வாசகத்தைத் (பத்துப் பேர், ஆறு வாக்கு, சோவியத் முகாமையாளர்) தந்திகளுக்கு முன்னால் பூச்சியமாம் இலக்கத் தாளாக வையுங்கள்.

முடிவைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. டிசெம்பர் 22 ஹபரொவ்ஸ்க் உடன்பாடு ஜூலை 10க்கு முந்தின நிலையைத் திருப்பி வைத்தது. கைதிகள் விடுதலை, கொன்சல் அலுவலகங்கள் திறப்பு, நீக்கின சோவியத் ஊழியர் மறுபடி வேலைக்கு. "அப்படியே பழைய நிலை" என்று எழுதினால் அரைச் சரி. யெம்ஷானோவும் ஐஸ்மொண்டும் பழைய கதிரைக்குத் திரும்பவில்லை, சோவியத் வேறு ஆட்களை நியமித்தது. சீனப் பக்கத்தில் சபைத் தலைவர் லூ ரொங்ஹுவானும் விலக்கப்பட்டார். இரு பக்கமும் ஒரு முகத்தைப் பலி கொடுத்து அமைப்பைக் காப்பாற்றினார்கள். பிறகு 1930 பெப்ரவரியில் நான்கிங், சாய் தன் அதிகாரத்தை மீறி ஒப்பமிட்டுவிட்டார் என்றது. எந்த நகரம் என்று போடச் சொன்ன ராத்தாவின் புத்தி இங்கேயும் உதவும்.

வாவிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பூச்சியத் தாள், பெயர்ப்பட்டியல், ஏழு தந்தி என்று வைக்கிறேன். தந்திகளை ஏ4 தாளில் வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டு அச்சிடுகிறேன், வழிநேரமும் குறிகளும் எழுத. நேரம் மிஞ்சினால் கெட்டிக்காரக் குழுவுக்குக் கூடுதலாக என்ன கொடுக்கலாம்?

மருதமுனைக் காக்கா:

இரண்டு வருடம் தள்ளி, சாங்சுனுக்குத் தெற்கே போங்கள். 1931 செப்டெம்பர் 18 இரவு, முக்டெனுக்குப் பக்கத்தில் தென் மஞ்சூரியா ரயில்பாதையில் வெடி. சீனப் படையினர் தகர்த்தார்கள் என்று சொல்லி ஜப்பான் படை இறங்கியது. சர்வதேச சங்கம் அனுப்பின லிட்டன் குழு 1932 ஒக்டோபரில் வெளிவந்த அறிக்கையில் செய்த வேலை பார்க்கத்தக்கது. சாட்சிகளின் வாயை மட்டும் அது நம்பியிருக்கவில்லை. வெடித்த நேரம் இரவு பத்துக்கும் பத்தரைக்கும் இடையில். தண்டவாளத்தில் சேதம் என்று காட்டப்பட்டது மொத்தம் 31 அங்குலம். சாங்சுனிலிருந்து தெற்கே வரும் வண்டி அதே பாதையால் பத்தரைக்கு முக்டெனுக்கு வரவேண்டும். அது நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

குழுவுக்கு வெடித்த நேரம், 31 அங்குலம், வண்டி வரவேண்டிய நேரம், வந்த நேரம் என்று நாலு வரி மட்டும் கொடுங்கள். யார் செய்தது என்று கேட்காதீர்கள். இந்த நாலு வரியிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லமுடியாது என்று இரண்டு நிரலில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது நிரல் நீளமாக வந்தால் சரியாகச் செய்திருக்கிறார்கள்.